இறக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தியவர்கள்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஊருக்குப் போயிருந்தேன். நாவலப்பிட்டி நகருக்குள் நுழையும் தெருவோரத்தில், ஒரு தேநீர்க் கடை வாசலில் அமர்ந்திருந்தபோதுதான் அந்த வினோதத்தைக் கவனித்தேன். மேலிருந்து மோட்டார் சைக்கிள்கள் இறங்கி வந்தன. ஆனால் சத்தம் வரவில்லை. ஈரத் தார்ச்சாலையில் டயர் உரசும் மெல்லிய ஓசை மட்டும் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாறு வண்டிகள் இப்படி ஊமையாக வந்து, தரை மட்டமானதும் 'டப்' என்று உயிர்பெற்றுப் போயின.

காரணத்தை விளக்கத் தேவையில்லை. அந்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த 'கியூஆர்' அட்டை முறைப்படி ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்குக் கிடைத்தது 4 லீற்றர் பெற்றோல். முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. மலைநாட்டில் வாழ்பவனுக்கு இந்த 4 லீற்றரை நீட்டிக்க ஒரே வழி, ஏற்றத்தில் எரித்ததை இறக்கத்தில் மிச்சப்படுத்துவதுதான். ஆகவே கினிகத்தேனைப் பக்கமிருந்தும் தொலஸ்பாகைப் பக்கமிருந்தும் வருகிறவர்கள் சரிவு தொடங்கியதும் சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, பூமியின் ஈர்ப்பை நம்பி வந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு அது புதிய காட்சி அல்ல. எழுபதுகளின் நடுப்பகுதியில் என் தகப்பனாரும் இதைத்தான் செய்தார். தோட்ட அலுவலகத்தில் கிளாக்கராக இருந்த அவரிடம் ஒரு பழைய மோட்டார் பூட்டிய சைக்கிள் இருந்தது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடியதன் விளைவு, உலகத்தைச் சுற்றிவந்து, அந்த இரண்டு லீற்றர் தாங்கிவரை எட்டியிருந்தது. அப்பா இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வருவார். வீட்டு வாசலுக்கு அவர் வந்து சேர்வது எங்களுக்குத் தெரியாது. மற்ற பிள்ளைகளின் தகப்பன்மார் சத்தத்தோடு வருவார்கள், எங்கள் அப்பா மட்டும் திருடனைப்போல வருவார் என்று அம்மா சிரிப்பார்.

இது ஆபத்தான பழக்கமா, புத்திசாலித்தனமான பழக்கமா என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. ஆனால் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லலாம். நாவலப்பிட்டி ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 அடி உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் 4,100 அடிக்கு மேல். வண்டி, ஓட்டுபவர், ஒரு மூட்டைச் சாமான் எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்திலிருந்து இந்த உயரத்துக்கு வரும்போது விடுபடும் சக்தி ஏறத்தாழ நான்கு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. (நான்கு லீற்றர் என்ற அந்த எண் இங்கும் வந்து நிற்பது என் குற்றமல்ல.) காற்றும் சாலையும் அதில் ஒரு பங்கைத் தின்னும். மிகுதியைத் தின்ன வேண்டியது யார்? இயந்திரம் கியரில் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இயந்திரத்தைத் துண்டித்துவிட்டால் எல்லாமே பிரேக்கின் தலையில் விழும். பழைய வண்டிகளின் டிரம் பிரேக் சூடேறச் சூடேற விரிந்து, கட்டையின் பிடியிலிருந்து விலகும். முதல் முடக்கில் நன்றாகப் பிடித்த பிரேக், பத்தாவது முடக்கில் கெஞ்சினாலும் கேட்காது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில், குறிப்பாக மோட்டார் பூட்டிய சைக்கிள்களில், முன்விளக்குக்கு மின்சாரம் ஓடும் இயந்திரத்திலிருந்து நேரே வந்தது. இயந்திரத்தை நிறுத்தினால் விளக்கும் அணைந்துவிடும். இரவில் இறங்குபவன் பெற்றோலை மிச்சப்படுத்தியது தன் கண்ணைக் கட்டிக்கொண்டுதான். அப்பா இரவில் ஒருபோதும் அப்படி வரவில்லை. மழையிலும் வரவில்லை. பகலில், உலர்ந்த சாலையில், தனக்கு முடக்கு முடக்காகத் தெரிந்த இரண்டு மைல் தூரத்தில் மட்டும் வந்தார். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். நாவலப்பிட்டியும் அதற்கு அடுத்த வீடுதான். ஆகவே உலர்ந்த சாலை என்பது வருடத்தில் எத்தனை நாள் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நேர்மாறான ஒரு வில்லங்கமும் இருந்தது. அந்தச் சிறு வண்டிகளின் இருவீச்சு இயந்திரங்களுக்குத் தனியாக ஒயில் ஊற்றுவதில்லை. பெற்றோலோடு கலந்தே ஊற்றுவார்கள். இயந்திரத்தைக் கியரில் வைத்துக்கொண்டு, பெற்றோல் கைப்பிடியை முழுவதும் மூடியபடி நீண்ட சரிவில் இறங்கினால், பெற்றோலோடு ஒயிலும் போகாது. உள்ளே பிஸ்டன் காய்ந்து இறுகி, ஓடிக்கொண்டிருக்கும் பின்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொள்ளும். யமஹா நிறுவனம் 1964 முதல் ஒயிலைத் தனிப் பம்பினால் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தபின் இந்தத் தொல்லை குறைந்தது. அதற்கு முன்னர் மலைநாட்டில் இத்தகைய வண்டி ஓட்டியவர்கள் சரிவில் இடையிடையே கைப்பிடியைச் சற்றே திருகி இயந்திரத்துக்கு 'ஒரு வாய் கொடுக்க' வேண்டியிருந்தது. எந்த நூலிலும் படித்து அப்பா இதைக் கற்கவில்லை. ஒரு தடவை விழுந்து கற்றார்.

இந்த மலைகளுக்கு மோட்டார் சைக்கிள் வந்த கதை தோட்டத்தோடு பின்னிப் பிணைந்தது. 1874ஆம் ஆண்டின் இறுதியில் ரயில் பாதை பேராதனையிலிருந்து நாவலப்பிட்டியை எட்டியது. அதன்பின் அது மேலே ஏறி 1885இல் நானுஓயாவை அடையும்வரை, மேற்கு மலைகளின் வாசல் இந்த ஊர்தான். கோப்பியும் பின்னர் தேயிலையும் இங்கே வந்து ரயிலேறின. ஆட்கள் இங்கே இறங்கி நடந்தார்கள். துரைமார் குதிரையேறினார்கள். அமெரிக்காவில் சில்வெஸ்டர் ரோப்பர் என்ற கண்டுபிடிப்பாளர், தாம் செய்த நீராவி சைக்கிளை 1896 ஜூன் முதலாம் திகதி ஓட்டிக் காட்டிக்கொண்டிருக்கையிலேயே மாரடைப்பால் இறந்து விழுந்தார். அவருக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1894இல், ஜெர்மனியில் ஹில்டபிராண்ட்–வோல்ஃப்முல்லர் நிறுவனம் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக உற்பத்தி செய்யத் தொடங்கியிருந்தது. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் குதிரையின் இடத்தை அது தோட்டங்களில் பிடித்துக்கொண்டது.

பெரிய துரைக்குக் கார், சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள் என்பது எழுதப்படாத விதி. மலையகத்து முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சின்னத்துரையின் வண்டிச் சத்தம் மலை முகட்டில் கேட்டதும் கொழுந்து பறிக்கும் கைகள் எப்படி வேகம் கொள்ளும், கணக்கப்பிள்ளையின் குரல் எப்படி உயரும் என்பதைச் சொல்வார்கள். அந்தச் சத்தம் அதிகாரத்தின் சத்தம். தொழிலாளி அந்த வண்டியில் ஏறியதில்லை. அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். என் அப்பாவின் வண்டி சத்தமின்றி வந்ததை நினைக்கும்போது இதையும் சேர்த்து நினைப்பதுண்டு.

துரைமார் அதை விளையாட்டாகவும் ஆக்கிக்கொண்டார்கள். நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஒருவர் பின் ஒருவராக, கடிகாரத்தோடு போட்டியிட்டு, தேயிலை மலைச் சாலையில் ஏறுவார்கள். சாலை மூடப்பட்டிருக்கும், எதிரே வண்டி வராது, முடக்குகளில் ஆட்கள் நிற்பார்கள். கவனியுங்கள்: இறங்குவதற்கல்ல, ஏறுவதற்கே போட்டி வைத்தார்கள். வேகத்தை விரும்பியவர்களும் எந்தத் திசை கொல்லும் என்பதை அறிந்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1935 மே 13ஆம் திகதி, இங்கிலாந்தின் டோர்செட் கிராமப்புறச் சாலை ஒன்றில் நடந்த விபத்து எங்கள் ஊர் இளைஞனின் தலை வரைக்கும் தொடர்புடையது. 'அரேபியாவின் லோரன்ஸ்' என்று உலகம் அறிந்த டி. ஈ. லோரன்ஸ், தம் பிரஃப் சுப்பீரியர் வண்டியில் வந்தபோது, சைக்கிளில் சென்ற இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க முயன்று தூக்கி எறியப்பட்டார். தலையில் எதுவும் அணிந்திருக்கவில்லை. ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து, 46ஆவது வயதில் இறந்தார். அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்ற இளம் மூளை அறுவை நிபுணர். அந்த மரணம் அவரை விடவில்லை.

1941இல் கேர்ன்ஸ் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் இரண்டு எண்களைத் தந்தார். போர் தொடங்குவதற்கு முந்திய 21 மாதங்களில் பிரிட்டிஷ் சாலைகளில் இறந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் 1,884 பேர். போர் தொடங்கியபின் முதல் 21 மாதங்களில் 2,279 பேர். பெற்றோலுக்குப் பங்கீடு வந்து, சாலையில் வண்டிகள் குறைந்த காலம் அது! விளக்குகளை மறைத்த இருட்டும், தபால் சுமந்து விரைந்த இராணுவத் தூதர்களும் காரணம். தலைக்கவசம் அணிந்திருந்து விபத்துக்குள்ளானவர்களாக அவருக்குக் கிடைத்தவர்கள் ஏழே பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். ஏழு என்பது சிறிய எண்தான். ஆனால் இராணுவம் காத்திருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அதே சட்டம் பிரிட்டனில் வர 1973 ஆயிற்று. கேர்ன்ஸ் 1952இலேயே காலமாகிவிட்டார்.

மவுண்ட்பேட்டன் தம் தென்கிழக்காசியத் தலைமையகத்தை 1944 ஏப்ரலில் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து கடிதங்களோடு ஓடிய தூதர்களின் தலைகளில்தான் இந்தக் கவசம் முதன்முதலாக எங்கள் மலைச்சாலைகளைப் பார்த்திருக்கும் என்று கருத இடமுண்டு. ஊரார் அதை இரும்புச் சட்டியென்றுதான் நினைத்திருப்பார்கள்.

1977க்குப் பிறகு இறக்குமதிக் கதவுகள் திறந்ததும் ஜப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. ஹொண்டா 'சாலி'யில் ஆசிரியைகள் பாடசாலைக்குப் போகத் தொடங்கினார்கள். அதற்குள் போரும் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பத்திரிகை நண்பர்கள் சொல்லித்தான் அங்கே நடந்ததை அறிந்தோம். தொண்ணூறுகளின் முற்பாதியில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் மறைந்துபோக, சில துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகையும் நாற்றமும் இயந்திரச் சேதமும் தெரிந்தேதான் ஓட்டினார்கள். நோயாளியை ஏற்றிப் போக வேண்டியவனிடம் இயந்திரத்தின் ஆயுளைப் பற்றிப் பேசி என்ன பயன்?

இனி, நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த பகுதிக்கு வருகிறேன்.

பேராதனையில் கலைப்பட்டம் பெற்றபின் தொண்ணூறுகளின் நடுவில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தேன். கண்டியில் வேலை, நாவலப்பிட்டியில் வீடு. பக்கங்கள் முடிந்து புறப்பட இரவு பத்தாகிவிடும். கம்பளை தாண்டி மகாவலியை ஒட்டிய சாலையில் தனியே வருவேன். 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானதற்குப் பிறகு சோதனைகள் இறுகின. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரோடு, இரவில், மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞன் எப்படிப் பார்க்கப்பட்டான் என்பதை அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தலைக்கவசம் முகத்தை மறைக்கிறது. முகம் தெரியாமல் வருகிறவன் மேல் துப்பாக்கி திரும்புகிறது. சாலை என் தலையை மூடச் சொன்னது. சோதனைச் சாவடி திறக்கச் சொன்னது.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சாவடிக்கு நானூறு ஐந்நூறு யார் தொலைவிலேயே, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, கவசத்தைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொள்வேன். வேகத்தைக் குறைத்து, முகத்தை நிமிர்த்தி, விளக்கைத் தாழ்த்தி வருவேன். இருட்டில் சாவடிக்குச் சற்று முன்னால் வண்டி நின்றால் அதுவே சந்தேகத்துக்கு இடமாகும் என்பதால்தான் நிறுத்தாமல் கழற்றினேன். இரண்டு மூன்று ஆண்டுகள் இதில் எனக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. எனவே இது நல்ல முறை என்று நம்பினேன்.

எங்கள் பத்திரிகைக்குச் செய்தி தந்துகொண்டிருந்த ஓர் இளைஞர் அப்போது புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். என்னை அண்ணன் என்றுதான் அழைப்பார். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொல்லிக் கொடுத்தேன். பெருமையோடு சொல்லிக் கொடுத்தேன் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். கூடவே, சரிவில் முன் பிரேக்கைத் தொடாதே, தலைகுப்புற விழுவாய் என்றும் சொன்னேன். அது எல்லோரும் எல்லோருக்கும் சொன்னதுதான்.

அவர் வண்டி வாங்கி மூன்று மாதங்கூட ஆகவில்லை. ஒரு மழை இரவில், சாவடிக்கு முந்திய முடக்கில், ஒரு கையால் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது குறுக்கே ஏதோ வந்திருக்கிறது. நாயென்று சிலர் சொன்னார்கள். பின் பிரேக்கை மிதித்திருக்கிறார், சக்கரம் வழுக்கிவிட்டது. கவசம் அவருடைய முழங்கையிலேயே, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. சாவடியில் நின்ற சிப்பாய்கள்தான் ஓடிவந்து தூக்கி வாகனம் பிடித்து அனுப்பினார்கள். நான்காவது நாள் இறந்துபோனார். அவருக்கு 24 வயது.

பல ஆண்டுகள் கழித்து, சாலைப் பாதுகாப்புப் பற்றி ஒரு தொடர் எழுத நேர்ந்தபோது ஹாரி ஹர்ட்டின் ஆய்வைப் படித்தேன். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹர்ட், லொஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரிலும் 3,600 பொலிஸ் அறிக்கைகளையும் ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கை அது. விபத்துக்குள்ளானவர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ குடும்பத்தாரிடமோ நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம் ஆகாதவர்கள். ஆபத்து எதிர்ப்பட்ட கணத்தில் பலரும் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கினார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவே இல்லை. வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்சக்கரத்துக்கு நகர்கிறது, சரிவில் இன்னும் அதிகமாக. ஆகவே உண்மையில் வண்டியை நிறுத்தும் வல்லமை முன் பிரேக்குக்குத்தான் உண்டு, படிப்படியாக அழுத்தத் தெரிந்தால். நான் அந்தத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்த இரண்டு பாடங்களும் அந்த அறிக்கையின் முன் நிற்கவில்லை. அறிக்கை வெளிவந்தபோது நான் பாடசாலைச் சிறுவன். பாடம் சொன்னபோது அது வெளிவந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால் ஹர்ட்டின் அட்டவணைகளில் சோதனைச் சாவடிக்குப் பத்தி இல்லை. அதை எங்கே சேர்ப்பது என்று நான் இன்றும் யோசிக்கிறேன்.

போர் முடிந்தபின்னும் முகமும் கவசமும் பற்றிய வழக்கு முடியவில்லை. 2015 மார்ச்சில், கொள்ளைகளில் ஈடுபடுபவர்கள் அடையாளத்தை மறைக்கிறார்கள் என்ற காரணத்தைக் காட்டி, முகத்தை முழுதாக மூடும் தலைக்கவசங்களைத் தடைசெய்யப்போவதாகப் பொலிஸார் அறிவித்தனர். மோட்டார் சைக்கிள்காரர்கள் நீதிமன்றம் சென்றார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு ஜூலை முதலாம் திகதி, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி தலைக்கவசம் கட்டாயமாயிற்று. கடைகளில் வரிசை நின்றது. ஒரு கரையில் கவசத்தை அணியச் சொல்லி நீதிமன்றம், மறுகரையில் அணிய விடும்படி நீதிமன்றம். இரண்டு செய்திகளுக்கும் தலைப்புப் போட்டவன் நான்தான்.

2022இல் அந்தத் தேநீர்க் கடை வாசலில், ஊமையாக இறங்கி வந்தவர்களில் என் தங்கையின் மகனும் இருந்தான். அன்று மாலை அவனை இருத்தி வைத்துப் பேசினேன். நிறுத்து என்று சொல்லவில்லை. வாரத்துக்கு 4 லீற்றரில் வேலைக்குப் போய்வர வேண்டியவன். பகலிலா, இரவிலா என்று கேட்டேன். பிரேக் கட்டை எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். மழையென்றால், ஆளை ஏற்றியிருந்தால், இயந்திரத்தை நிறுத்தாதே என்றேன். முன் பிரேக்கைப் பழகும்படி தரை மட்டமான விளையாட்டு மைதானத்துக்கு அழைத்துப் போனேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு அந்தப் பழைய கதையையும் முதன்முறையாக அவனிடம் சொன்னேன்.

"அந்தத் தம்பி செத்ததுக்குப் பிறகு நீங்க சாவடியில என்ன செஞ்சீங்க, மாமா?" என்று கேட்டான்.

மறுநாள் இரவும் கழற்றினேன் என்று சொன்னேன். நிறுத்திவிட்டா, ஓடும்போதா என்று கேட்டான். முதல் வாரம் ஓடும்போதுதான். அதன் பிறகு, சாவடியின் விளக்கு வெளிச்சத்துக்குள் வந்து, அவர்கள் என்னை நன்றாகப் பார்க்கக்கூடிய இடத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு கைகளையும் உயர்த்திக் கழற்றத் தொடங்கினேன். இரண்டு தடவை கடுமையாகத் திட்டினார்கள். ஒரு தடவை துப்பாக்கியைத் தூக்கினார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.